கஞ்சி காயும் வரை

முதல் ஊரடங்கில் ஜீவிதா மொட்டை மாடியில் ஓடினாள். இரண்டாவதில் அதுவும் இல்லாமல் போயிற்று.

மாடியில் ஓடினால் கீழே தறி ஆடும். பிள்ளையார்பாளையத்தில் அவர்களுடைய நெசவுத் தெரு வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. ஒரு மாடியில் காலை ஊன்றினால் அடுத்த வீட்டுத் தறிமேல் இருக்கிற ஜக்கார்டுப் பெட்டியிலும் கயிறு நடுங்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்காமலே கத்தினார்.

"யாரும்மா அது மாடியில குதிரை ஓட்டறது? இழை அறுந்துக்கினே இருக்குது இங்க!"

அன்றோடு நின்றாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல். எண்ணூறு மீட்டரில் மாவட்டத்துக்கே இரண்டாவதாக வந்தவள். இப்போது உள்ளறை அலமாரியில் செல்போனைச் சாய்த்து வைத்து, கேமராவை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போன் பாட்டுக்கு வரவு செலவு பாடம் நடத்திக்கொண்டிருக்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் கை நீளும்.

கதிர்வேல் அவளுக்கு அக்கா புருஷன். சொந்த அத்தை மகள் பிரவீனாவைக் கட்டியவன். வேதியியல் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் இருந்தான். போன ஆடியில் பிரவீனாவைக் கொரோனா கொண்டுபோன பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. செத்துப்போன மாமனாரின் தறி சும்மா கிடந்தது. அதில் உட்கார்ந்துகொண்டான். தறியில் உட்கார்ந்தவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அவனுக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஆனி மாதம். கத்திரி போயும் வெயில் போகவில்லை. சாயங்காலமானால் தாமல் ஏரிப் பக்கம் மேகம் கூடும், கலையும். கோயில்கள் சாத்திக் கிடந்ததால் மணிச் சத்தம் இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம்தான் வேளைக்கு வேளை.

மத்தியானம் ஜீவிதாவின் அம்மா மஹாலட்சுமி கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோர்மிளகாயை ஓரத்தில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள். தட்டைத் தள்ளிய பிறகும் நகரவில்லை.

"கதிரு, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கத்த."

"நேத்து துணி எடுக்க மாடிக்குப் போனேன். இவ கைப்பிடிச் சுவரு மேல ஏறி நின்னுக்கினு இருந்தா."

கதிர்வேல் கூழை இறக்கி வைத்தான்.

"இன்னாடி பண்றன்னேன். 'சும்மாதாம்மா, காத்து வருது'ன்னா. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. கூப்புட்டதும் எறங்கி வந்துட்டா. மாடிக் கதவைப் பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்கினேன். ராத்திரி அவ துப்பட்டாவ என் கையில முடிபோட்டுக்கினு படுத்தேன். புரண்டா தெரியணும்ல."

உள்ளறையில் போன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"காலேஜ்ல யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"பேசினேன். அந்த ஓட்டப்பந்தய மேடம் ஒரு டாக்டரம்மாவ லைன்ல வெச்சாங்க. மாத்திரை எழுதினாங்க, வாங்கியாந்துட்டேன். மாத்திரை மட்டும் போதாதும்மா, வெயில் படட்டும், ஓட உடுங்க, கூட நாலு பொண்ணுங்க இருக்கட்டும்னாங்க. எங்க ஓட உடறது? அடுப்பங்கரையிலயா?"

கதிர்வேல் கூழைக் குடித்து முடித்தான். மோர்மிளகாயைக் கடிக்கவில்லை.

தெருக்கோடியில் பாவுத்தோப்பு இருந்தது. வேம்பும் புங்கனும் சூழ்ந்த நீள மைதானம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீள இழைகளை, அதாவது பாவை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பதற்காக அந்தக் காலத்தில் விட்ட இடம். பிறகு எல்லாரும் வீட்டு வாசலிலேயே தெரு நீளத்துக்குப் பாவு நீட்டப் பழகிவிட்டார்கள். தோப்பு பிள்ளைகளுக்குப் போனது. சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடினார்கள். பாவுக் கம்பத்தில் வாலிபால் வலை கட்டினார்கள். போன வருஷம் தெருச் சங்கத் தலைவர் கலைவாணன் தகரக் கதவு போட்டுப் பூட்டினார். காலையில் நடக்க மைதானங்களைத் திறக்கலாம் என்று இப்போது டிவியில் சொல்லியாகிவிட்டது. தகரக் கதவு திறக்கவில்லை.

சாயங்காலம் கதிர்வேல் கலைவாணன் கடைக்குப் போனான். பட்டுக் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கலைவாணன் இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, கைக்கு மருந்து தேய்த்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா படத்துக்கு மேல் சின்ன பல்பு எரிந்தது. கதிர்வேலுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்பவர் அவர்தான்.

"அங்கயே நில்லு. பாவு எப்ப ஏத்தற? ஆவணி முகூர்த்தத்துக்குக் குடுக்கணும்பா."

"நாளைக்கு நீட்டறேன். தெருவுல முடியாது. ஆம்புலன்ஸ் வந்து போய்க்கினு இருக்குது. தோப்புச் சாவி வேணும்."

கலைவாணன் யோசித்தார். வேறு யார் பாவு என்றாலும் மறுத்திருப்பார். இது அவர் பாவு.

"ஆளு?"

"பெரியவங்க பாதிப் பேரு படுத்துக் கெடக்கறாங்க. படிக்கிற புள்ளைங்கதான் சும்மா இருக்குதுங்க. கூட்டிக்கறேன்."

"பாவு புடிக்கத்தான?"

"பாவு புடிக்கத்தான்."

பொய் சொல்லும்போது அவன் முகம் மாறவில்லை. அது எதற்குமே மாறி நாளாகிறது.

"பந்து கிந்து உருண்டுச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன். இந்தத் தெருவுல மொதல்ல போனது எங்கப்பா. மறந்துடாத. பந்தாடிட்டு வந்து வீட்டுக்குள்ள கொணாந்தது என் சொந்தப் புள்ளை. அவன் இன்னிக்கும் என் மூஞ்சிய நேராப் பாக்க மாட்டேன்றான்."

தெருவில் இரண்டாவதாகப் போனது பிரவீனா. கலைவாணன் சாவியை மேசை மேல் வைத்து, விரலால் தள்ளிவிட்டார்.

விடிவதற்கு முன்னால் கதிர்வேல் உள்ளறை வாசலில் நின்றான். மஹாலட்சுமி கை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீவிதா. பாவு நீட்டணும். ஒரு கை கொறையுது."

"தூக்கம் வருது மாமா."

"பாவு."

அந்தத் தெருவில் பாவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்வது கிடையாது. பாகப்பிரிவினையில் வெட்டுக்குத்து வரை போன அண்ணன் தம்பிகள், ஒருவர் பாவின் இந்த முனையையும் மற்றவர் அந்த முனையையும் பிடித்துக்கொண்டு, கஞ்சி காயும் வரை பேசாமல் நின்றுவிட்டுப் பேசாமல் பிரிந்து போவார்கள். ஜீவிதா எழுந்து உட்கார்ந்தாள். தலை சீவவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவோடு பின்னால் வந்தாள்.

தகரக் கதவு முன்னால் தெருப் பையன்கள் விஷாலும் விக்ரமும் காத்திருந்தார்கள். இன்னும் சில பிள்ளைகள் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஜீவிதாவோடு படிக்கிற லுப்னா சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்தாள். ஜரிகை வியாபாரி வீட்டுப் பெண்.

"கதிர் அண்ணா, எனக்குப் பாவு கீவு தெரியாது. நாங்க ஜரிகை விக்கிறதோட சரி. இழையக் கட்டச் சொன்னீங்கன்னா தாம்புக் கயிறாக்கிடுவேன்."

"புடிச்சுக்கினு நின்னா போதும்."

"எங்க அத்தா, போ போ, ஆனா கபசுரக் குடிநீர் குடிச்சிட்டுப் போன்னாரு. வாயெல்லாம் இன்னும் கசக்குது. யாராச்சும் ஒரு மிட்டாய் குடுங்கப்பா."

ஒருவரும் கொடுக்கவில்லை. சிரித்தார்கள். ஜீவிதா சிரிக்கவில்லை.

எல்லாரும் உள்ளே வந்த பிறகுதான் கதிர்வேல் பாவைப் பிரித்தான். அரக்கு நிறம். மைதானத்தின் நீள வாக்கில், கதவை ஒட்டி, சுற்றிப் போக இடமில்லாமல், கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டினான். இடுப்பு உயரத்தில் பட்டு ஒரு நீண்ட மேசை போல விரிந்தது. மஹாலட்சுமி குச்சிகளைச் செருகி இழைகளைப் பிரித்துவிட்டாள். அறுந்த இழையைக் கண்ட இடத்தில் எச்சில் தொட்டு முறுக்கிச் சேர்த்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் நின்று பிடித்துக்கொண்டார்கள். கதிர்வேலும் மஹாலட்சுமியும் வடித்த கஞ்சியைத் தெளித்து, தடவி, உதறினார்கள். ஈரப் பட்டின் வாசனையும் வேப்பம்பழ வாசனையும் கலந்து வந்தன.

லுப்னா தலையைச் சாய்த்துக் கதவைப் பார்த்தாள், பாவைப் பார்த்தாள்.

"அண்ணா, வேணும்னேதான் வாசலை அடைச்ச மாதிரிக் கட்டினீங்க?"

"வேலையப் பாரு."

நீட்டின பாவைத் தாண்டக் கூடாது, அடியில் குனிந்து நுழையவும் கூடாது. ஊருக்கே தெரிந்த விஷயம்.

கஞ்சி தடவி முடிந்தது. கதிர்வேல் கையைத் துடைத்தான்.

"காயற வரைக்கும் உங்களுக்கு வேலை இல்ல."

"அப்ப இன்னா பண்றது?" என்றான் விஷால்.

"மைதானம் இருக்குது."

ஒரு கணம் யாரும் நகரவில்லை. அவிழ்த்துவிட்டது தெரியாமல் முளைக்குச்சியையே சுற்றி நிற்கிற கன்றுகளைப் போல நின்றார்கள். பிறகு விக்ரம் ஊ என்று கத்திக்கொண்டு ஓடினான். மற்றவர்கள் அவன் பின்னால் சிதறினார்கள். ஒருத்தருக்கும் விளையாட்டு ஞாபகம் வரவில்லை. சும்மா ஓடினார்கள், சும்மா கத்தினார்கள்.

ஜீவிதா கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

லுப்னா திரும்பி வந்தாள். "இன்னாடி, மாவட்டத்துல ரெண்டாவது வந்தவ, பாவுக்கு வாட்ச்மேனா?"

"கால் வரலடி."

"வராது. ஒரு வருசமா படுக்கையில மடிச்சு வெச்சிருந்தா எப்பிடி வரும்? நான் முன்னால போறேன். என்னைப் புடிக்க முடியலன்னா உன் சர்ட்டிபிகேட்ட எங்க வீட்ல குடுத்துடு. எங்கம்மா மசாலாவாச்சும் மடிப்பாங்க."

லுப்னா ஓடினாள். ஓட்டமா அது! செருப்பு ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போனாள். ஜீவிதா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடி ஓடினா முட்டி போயிடும்டி லூசு," என்று முனகிக்கொண்டே எழுந்தாள்.

முதலில் நடந்தாள். புங்கமரம் வரை போனதும் நடை நீண்டது. வளைவில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். லுப்னாவைத் தாண்டினாள். விஷாலைத் தாண்டினாள். ஒரு சுற்று முடிந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மஹாலட்சுமி ஓடப் போனவள் கதிர்வேல் கையைக் காட்டியதும் நின்றாள். ஜீவிதா வாயைத் துடைத்தாள், துப்பினாள், மறுபடியும் ஓடினாள். இந்த முறை தோள் தாழ்ந்து, கை ஒட்டி, பழைய ஓட்டம்.

கதிர்வேல் இழை பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

வெயில் வேம்பின் உச்சியைத் தொட்டபோது தகரக் கதவு திறந்தது. கலைவாணன். கூட ஒரு போலீஸ்காரர். ஊருக்குப் புதிது. அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாவுக்கு அடியில் குனியப் போனார்.

"சார், சார்!" கலைவாணன் பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீட்டின பாவு சார்! நுழையக் கூடாது!"

"இன்னாய்யா, நீதானே வந்து புடிங்கன்ன?"

"புடிக்கணும் சார். ஆனா இது வழியா இல்ல."

"வேற வழி?"

வேறு வழி இல்லை. கலைவாணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பட்டுக்கு இந்தப் பக்கம் கதிர்வேல். அந்தப் பக்கம் அவர்கள்.

"இன்னா கதிரு இது?"

"பாவு."

"கண்ணு தெரியுது எனக்கு. பின்னால ஓடறது இன்னா?"

"அந்த முனையில இழை பாக்கப் போவுதுங்க."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "இழை பாக்கவா இந்த வேகத்துல போவுது அந்தப் பொண்ணு?"

ஜீவிதா வளைவு திரும்பி வந்து நின்றாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. மூச்சு அடங்கவில்லை.

"இழை பாக்கல சார். ஓடினேன். ஓடத்தான் வந்தேன்."

கதிர்வேல் அவளைத் திரும்பிப் பார்த்தான். கெடுத்தாள். பாவு என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

"மாடியில ஓடினா தறி ஆடுதுன்னாங்க," என்றாள் ஜீவிதா. "தெருவுல நின்னா லத்தியக் காட்டுறீங்க. எங்க அக்காவ ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க, மூஞ்சியக்கூடக் காட்டல. அதுலேர்ந்து அந்த ரூம்லதான் கெடக்கறேன். முந்தாநாளு சுவரு மேல ஏறி நின்னேன். எதுக்கு நின்னேன்னு எனக்கே தெரியல சார். இன்னிக்கி ஓடினேன். இது எதுக்குன்னு தெரியுது."

மைதானத்தில் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். கலைவாணன் வேறெங்கோ பார்த்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் வியர்வையைத் துடைத்தார்.

"காலையில மைதானத்துல நடக்கலாம்னு ஆர்டர் இருக்குது," என்றார். "ஆனா நடக்கலாம்னுதான். ஓடலாம்னு இல்ல."

"வேகமா நடக்குறா சார்," என்றாள் மஹாலட்சுமி.

"நல்லா வேகமாத்தான் நடக்குது," என்றார் அவர். தொப்பியை மாட்டினார். "தள்ளித் தள்ளி நில்லுங்கப்பா. மாஸ்க் வெச்சிக்கோங்க." கலைவாணனைப் பார்க்காமலே வண்டியை நோக்கிப் போனார்.

கலைவாணன் மட்டும் நின்றார்.

"பாவைச் சுருட்டு. எல்லாரும் வெளிய போங்க. பூட்டணும்."

"கஞ்சி காயல."

அவர் கையை நீட்டிப் பட்டைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்தோடு சுருட்டினால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு, அந்தப் பாவில் வரவேண்டிய சேலை மூன்றும் பாழ். அவர் பட்டு, அவர் முகூர்த்தம். கையை எடுத்துக்கொண்டார். அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு லுப்னா ஜீவிதாவின் முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளைகள் மறுபடி ஓட ஆரம்பித்தார்கள். பாவுக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

"உனக்குந்தான் போச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "பட்டவன்தான நீ? உனக்கு பயம் வேணாவா?"

கதிர்வேல் ஒரு அறுந்த இழையை எடுத்து முறுக்கினான்.

"பிரவீனா தோப்புக்கு வரல. காத்தடிச்சா இழை பறக்கும்னு ஜன்னல மூடிக்கினு உள்ளயே இருந்தா. நானும் கூட இருந்தேன். உள்ளதான் வந்துச்சு. உங்க அப்பாவுக்கும் படுக்கை உள்ளதான். உங்க பையன் மேல பழி போட்டீங்க. அவனும் உள்ளதான் கெடக்கறான்."

இவ்வளவு சேர்ந்தாற்போல் அவன் பேசி ஒரு வருஷம் ஆகியிருக்கும். கலைவாணனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"என் புள்ளையப் பத்திப் பேசாத. சாவியக் குடு."

"தரல."

"இந்தப் பாவோட சரி. அடுத்த பாவு வேற தறிக்குப் போவும். இந்தத் தெருவுல உனக்கு எவன் பட்டு குடுக்கறான்னு பாக்கறேன்."

"போவட்டும்."

"யோசிச்சுப் பேசு."

"யோசிச்சாச்சு."

வெயில் இறங்கிப் பட்டின் மேல் பரவியது. அரக்கு நிறம் வெளுத்துப் பளபளத்தது. கதிர்வேல் விரலால் தட்டினான். காய்ந்த சத்தம். கலைவாணனுக்கும் கேட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் மஹாலட்சுமி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். கதவோரமாக ஒரு கை அள்ளித் தெளித்தாள்.

"இங்க கொஞ்சம் வறண்டாப்ல இருக்குது கதிரு."

"அக்கா, எனக்கும் பாவு தெரியும்," என்றார் கலைவாணன்.

"தெரிஞ்சா நல்லதுதான் தம்பி. காயட்டும், நில்லுங்க. கூழ் இருக்குது, குடிக்கிறீங்களா?"

அவர் செருப்பை மாட்டினார். ஒரு கால் மாறிப்போய், கழற்றித் திருப்பி மாட்டினார். அவருடைய புல்லட் வண்டி தெரு முழுக்க உறுமிக்கொண்டே போயிற்று.

அன்று முழுக்க கதிர்வேல் பாவைத் தறியில் ஏற்றினான். அடுத்ததாக எந்தப் பட்டும் வராது என்று அவனுக்குத் தெரியும். கலைவாணன் சொன்னால் செய்கிறவர். ஜீவிதா தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள். நடுவில் எழுந்து போய் பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுச் சாப்பிட்டாள். பிறகு இன்னொரு தரம் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் கதிர்வேல் தோப்புக்குப் போனபோது கையில் சாவியைத் தவிர ஒன்றும் இல்லை. பாவு இல்லை, குச்சி இல்லை, கஞ்சிக் கிண்ணம் இல்லை. இன்று கூப்பிடவும் காரணம் இல்லாததால் அவன் யாரையும் கூப்பிடவில்லை. உள்ளறையை எட்டிப் பார்க்கக்கூடத் தைரியம் வராமல் வந்திருந்தான். கதவைத் திறந்தான். தகரம் கிறீச்சிட்டது.

பின்னால் காலடிச் சத்தம். ஜீவிதா. தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். காலில் பழைய ஓட்ட ஷூ. அவளுக்குப் பின்னால் லுப்னா, விஷால், விக்ரம். இன்னும் புது முகங்கள். கடைசியாக, சுவரோரமாக, கலைவாணனின் பையன். கையில் பந்து. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விஷால் மைதானத்தைப் பார்த்தான். "அண்ணா, பாவு எங்க?"

"இல்ல."

"அப்ப வந்து கேட்டா இன்னான்னு சொல்றது?"

ஜீவிதா குனிந்து ஷூக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"ஓடறோம்னு சொல்லு," என்றாள்.

கதிர்வேல் தகரக் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து கல் முட்டுக் கொடுத்தான். பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஜீவிதா முன்னால் ஓடினாள். புங்கமரம் தாண்டும்போது தெருமுனையில் புல்லட் சத்தம் கேட்டது.

"வந்துக்கினு இருக்காருடி," என்று கத்தினாள் லுப்னா.

"வரட்டும்."

கதிர்வேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடுவில் போய் நின்றான். வண்டி வந்து நின்றது. உள்ளே யாரும் ஓட்டத்தை நிறுத்தவில்லை.